கை கழுவத் தண்ணீர் முதலில்: ஜவ்வாது மலை மக்களின் நலவாழ்வுக் கோரிக்கைச் சாசனம்

திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்ட நிர்வாகங்களுக்கும் தமிழ்நாடு அரசுக்கும் ஜவ்வாது மலையின் ஊர்களிலிருந்து எழுதுவது. ஜமுனாமரத்தூர் பக்கத்துக்காரர்களும், புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாட்டுக்காரர்களும், ஒடுகத்தூருக்கு மேலே பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லைக்காரர்களும் சேர்ந்தே எழுதுகிறோம். மலை ஒன்றுதான். கோப்புகளில் அது மூன்றாகக் கிடக்கிறது. ஒரு மாவட்டத்தைக் கேட்டால் அடுத்த மாவட்டத்தைக் கைகாட்டும் வழக்கம் இந்தச் சாசனத்தின் முன் செல்லாது.

நலவாழ்வுச் சுவரொட்டிகள் ஆண்டுதோறும் மலையேறி வருகின்றன. சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், சிறுதானியம் சாப்பிடுங்கள், தினமும் நடங்கள், நேரத்துக்குத் தூங்குங்கள், மனபாரம் இருந்தால் யாரிடமாவது பேசுங்கள் என்கின்றன. எல்லாம் சரியான பேச்சு. ஒன்றையும் நாங்கள் மறுக்கவில்லை. கழுவத் தண்ணீர் வேண்டும், தானியத்தின் தோலை நீக்க இயந்திரம் வேண்டும், பேச ஒரு ஆள் வேண்டும். இவற்றில் பெரும்பாலானவை அரசின் சட்டத்திலும் ஆணையிலும் ஏற்கெனவே எழுதப்பட்டவை. எழுதியது மலைக்கு வந்து சேர ஏன் இத்தனை காலம் என்பது ஒன்றே எங்கள் கேள்வி. நடப்பதை மட்டும் யாரும் எங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் நடைபாதை குறித்தார்கள். ரேஷன் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு அந்தத் தூரத்தை நடப்பவர்கள் இங்கே எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

முதலில் தண்ணீர். 2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று கணக்கு வைத்திருக்கிறது. எங்கள் ஊர்களுக்கும் அதே கணக்கு. குழாய் நட்டதை வைத்து வேலை முடிந்தது என்று எழுதக் கூடாது. பங்குனி, சித்திரையில் அந்தக் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்த்துவிட்டு எழுத வேண்டும். செய்யாறு, மிருகண்டா நதி, கமண்டல நாக நதி எல்லாம் எங்கள் மலையில் பிறந்து கீழ்நாட்டை நனைக்கின்றன. பிறந்த இடத்தில் பெண்கள் கோடையில் ஊற்றடியில் குடத்தோடு காத்திருக்கிறார்கள். அரசு கட்டிக்கொடுத்த கழிப்பறைகளில் பல இன்று விறகும் கொள்ளு மூட்டையும் வைக்கும் அறைகள். அதற்கு எங்கள் பழக்கத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு குடம் தண்ணீரைத் தூக்கிவரும் பெண் அதைக் கழிப்பறையில் ஊற்ற மாட்டாள். ஊற்றுகளைச் சுற்றிக் கட்டு, உயரத்தில் ஒரு தொட்டி, சூரிய ஒளி மோட்டார் என்று ஒவ்வொரு ஊருக்கும் எது பொருந்துமோ அதை ஊராரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். அன்று கிராம சபையும் கூடுகிறது. ஊர்வாரியான வேலைப் பட்டியல் அந்தச் சபையில் படிக்கப்பட வேண்டும். கோடை தொடங்கிய பிறகு வரும் பட்டியலை வைத்து என்ன செய்வது?

அடுத்தது சாமை. இந்த மலையின் உணவு அது. ஆடியில் விதைத்து ஐப்பசி, கார்த்திகையில் அறுக்கிறோம். எங்கள் பாட்டிமார் சாமைச் சோறும் கேழ்வரகுக் களியும் கொள்ளுத் துவையலும் தின்று வளர்ந்தவர்கள். இன்று சாமையை மூட்டையோடு வியாபாரியிடம் கொடுத்துவிட்டு ரேஷன் அரிசி தின்கிறோம். காரணம் ருசி மாறியதல்ல. சாமைத் தோல் சுலபத்தில் கழன்று வராது. உரலில் போட்டு மாற்றி மாற்றிக் குத்தி, புடைத்து, மறுபடி குத்தி ஒரு வேளைச் சோற்றுக்கு அரிசி எடுப்பதற்குள் ஒரு பெண்ணின் காலைப் பொழுது போய்விடும், தோளும் போய்விடும். கீழே நகரத்துக் கடையில் அதே சாமை தோல் நீங்கி, பாக்கெட்டில் ஏறி, எங்களுக்குக் கிடைத்த விலையைப்போலப் பல மடங்குக்கு விற்கிறது. தோல் நீக்கும் சிறிய இயந்திரம் ஒன்றும் கல் நீக்கும் சல்லடை ஒன்றும் ஒவ்வொரு ஊராட்சியிலும் வேண்டும். நடத்தும் பொறுப்பு பெண்கள் குழுவிடம் இருக்கட்டும். ஜமுனாமரத்தூரில் ஒன்று வைத்துவிட்டு மலை முழுவதற்கும் அதுவே போதும் என்று சொல்ல வேண்டாம். சுமந்துகொண்டு போய்வரும் கூலிக்கே சாமை சரியாகிவிடும்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. 1968இல் எங்கள் மலையிலுள்ள காவலூருக்கு வானியல் ஆய்வகம் வந்தது. 1986இல் 2.3 மீட்டர் குறுக்களவுள்ள கண்ணாடியோடு ஒரு தொலைநோக்கியே இந்த மலைமேல் நிலைகொண்டது. பாதை, மின்சாரம், காவல் எல்லாம் அதற்குக் கிடைத்தன. அதில் எங்களுக்குப் பெருமை உண்டு. அந்தக் கண்ணாடியைக் கீறல் படாமல் மேலே கொண்டுவரத் தெரிந்த அரசுக்குச் சாமை இயந்திரத்தைக் கொண்டுவர வழி தெரியாது என்று யாரும் எங்களிடம் சொல்ல வேண்டாம். திருவண்ணாமலை அத்தியந்தலில் வேளாண் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மையமே இருக்கிறது. தூரம் அதிகமில்லை. அடுத்த அறுவடைக்குள் இயந்திரங்கள் ஓட வேண்டும்.

இயந்திரம் வந்தால் மட்டும் போதாது. சாமைக்கு விலை வேண்டும், ரேஷன் கடையில் இடமும் வேண்டும். மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலைப் பட்டியலில் கேழ்வரகு இருக்கிறது, சாமை இல்லை. சத்தீஸ்கர் அரசு 2021இல் வரகுக்கும் சாமைக்கும் தானே விலை வைத்து வாங்கத் தொடங்கியது. அங்கேயும் விளைவிப்பவர்கள் எங்களைப் போன்ற மலைமக்கள்தான். தமிழ்நாட்டிலேயே 2023 மே மாதம் நீலகிரியிலும் தருமபுரியிலும் விரும்பும் அட்டைதாரருக்கு 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். அந்த வழியையே இங்கே சாமைக்குத் திறந்துவிட வேண்டும். மலைவாழ் மக்களுக்கான லேம்ப் கூட்டுறவுச் சங்கம் அறுவடைக் காலத்தில் எங்களிடம் சாமையை வாங்கட்டும், எங்கள் இயந்திரத்தில் தோல் நீக்கி எங்கள் ரேஷன் கடைகளிலேயே கொடுக்கட்டும். லாரி வாடகைகூட மிச்சம். கார்த்திகைக்கு முன் கொள்முதல் விலையை அறிவிக்காவிட்டால் இந்த ஆண்டுச் சாமையும் வியாபாரி சொன்ன விலைக்கே போகும். அவர் முன்பணம் கொடுத்து வைத்திருக்கிறார், அரசு கொடுக்கவில்லை.

பிள்ளைகளின் தட்டிலும் சாமை வர வேண்டும். காலை உணவுத் திட்டத்தை நாங்கள் மனதார வரவேற்கிறோம். வெறும் வயிற்றோடு மேடு ஏறிப் பள்ளிக்கு வந்த பிள்ளைகள் இன்று சாப்பிட்டுவிட்டுப் பாடத்தில் உட்காருகிறார்கள். 2022இல் அந்தத் திட்டத்துக்காகப் போட்ட அரசாணையே வாரத்தில் 2 நாளாவது அந்தந்த இடத்தில் விளையும் சிறுதானியத்தில் சிற்றுண்டி செய்ய முனைய வேண்டும் என்கிறது. இந்த இடத்தில் விளைவது சாமை. ஊராட்சி ஒன்றியப் பள்ளி, வனத்துறைப் பள்ளி, அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி, அங்கன்வாடி என்று எந்தப் பலகை தொங்கினாலும் சமையலறைக்கு ஒரே ஆணை போக வேண்டும்: வாரத்தில் 2 நாள் சாமைப் பொங்கல் அல்லது சாமை உப்புமா, ஒரு நாள் கேழ்வரகு, கூடவே காட்டுக் கீரை. ஒடிசாவில் 2017இல் தொடங்கிய சிறுதானிய இயக்கம் பழங்குடி மாவட்டங்களின் அங்கன்வாடிகளில் கேழ்வரகு உருண்டையைக் குழந்தைகள் கையில் கொடுத்தது. இதற்குப் புதிய நிதி எதுவும் தேவையில்லை. இருக்கும் பட்டியலைத் திருத்தினால் போதும். வரும் கல்வியாண்டின் முதல் வாரத்திலேயே செய்துவிடலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளும் பழக்கத்துக்குச் சோதனை வேண்டும். மலைக்காரனுக்குச் சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் வராது என்பது பழங்கதை. மூன்று வேளையும் வெள்ளைச் சோறு, கடையில் பாக்கெட் தீனி என்று ஆன பிறகு எங்கள் ஊர்களிலும் அவை வந்துவிட்டன. மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 20,000 பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம் என்பது அரசே வகுத்த அளவு. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வீட்டு வாசலுக்கு மாத்திரை கொண்டுவரும் திட்டம். எங்கள் வாசல்களும் வாசல்களே. மாதம் ஒரு முறை, முன்கூட்டியே அறிவித்த தேதியில், ஒவ்வொரு குக்கிராமத்திலும் ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்தசோகை பார்க்க வேண்டும். சோதனையை ஊர் மந்தையில் வையுங்கள்; வேலைக்குப் போகும் முன், காலை 7 மணிக்கு வையுங்கள். பகல் 11 மணிக்கு வந்து ஊரில் ஆளில்லை என்று எழுதிக்கொண்டு போவதில் யாருக்கும் லாபமில்லை. மாத்திரை ஒரு மாதம் தடைபட்டால் அதன் விலை பக்கவாதம். ஆகவே இதில் தவணை கேட்க வேண்டாம்.

பாதையைப் பற்றிப் பேசும்போது குரல் உயர்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 2023 மே மாத இறுதியில் வேலூர் மாவட்டம் அல்லேரி மலையின் அத்திமரத்துக்கொல்லையில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தையைப் பாம்பு கடித்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் குழந்தை இறந்தது. திரும்பி வரும்போது ஆம்புலன்ஸ் அதற்கு மேல் ஏற முடியாத இடத்தில் இறக்கிவிட, தாய் குழந்தையின் உடலைக் கையில் ஏந்தி மலையேறி நடந்தார். நாடே அந்தப் படத்தைப் பார்த்தது. பிரசவ வலி வந்தவளை டோலி கட்டித் தூக்கிவரும் ஊர்கள் இன்னும் இருக்கின்றன. காட்டு நிலம் என்பதால் பாதை போட முடியாது என்ற பதிலை இனிச் சொல்லக் கூடாது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், பிரிவு 3(2), பள்ளி, மருந்தகம், அங்கன்வாடி, ரேஷன் கடை, குடிநீர்க் குழாய், மின்கம்பி, தொலைபேசிக் கம்பி, பாதை உள்ளிட்ட 13 வசதிகளுக்கு ஒவ்வொன்றுக்கும் 1 ஹெக்டேருக்குக் குறைவான காட்டு நிலத்தைக் கிராம சபையின் பரிந்துரையோடு எடுத்துக்கொள்ள அனுமதிக்கிறது. ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது என்பது நிபந்தனை. மரத்தின் அருமை எங்களுக்குத் தெரியும். அந்த நிபந்தனையை நாங்களே காப்போம். பரிந்துரைத் தீர்மானங்களை மே 1 கிராம சபையில் நிறைவேற்றித் தருகிறோம். வனத்துறை அதன்மேல் எத்தனை நாளில் கையெழுத்திடும் என்பதை இப்போதே தேதி போட்டுச் சொல்லட்டும். பாதை முடியும் வரை, ஒற்றையடிப் பாதையில் ஏறக்கூடிய இருசக்கர ஆம்புலன்ஸ்கள் மலையிலேயே நிற்க வேண்டும். மலையிலுள்ள ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பாம்புக்கடி மருந்தும் அதைப் போடத் தெரிந்தவரும் இரவிலும் இருக்க வேண்டும்.

இனி மனதின் காரியம். எங்கள் ஆண்களில் பலர் கேரளத்துக்கும் குடகுக்கும் திருப்பூருக்கும் கூலிக்குப் போகிறார்கள். வீட்டில் கிழவிகளும் பிள்ளைகளும் நிலமும் ஒரு பெண்ணின் தலையில். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோன பையன் என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறான். பெண்ணுக்குப் பதினெட்டு ஆகுமுன்பே கல்யாணப் பேச்சு. இதற்கெல்லாம் எங்கள் ஊரில் இருக்கும் வைத்தியம் சாமியாடியிடம் போவது அல்லது சாராயம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மன நோயுள்ளவர் சிகிச்சைக்காக நீண்ட தூரம் அலைய வைக்கப்படக் கூடாது என்று சொல்கிறது. ஜமுனாமரத்தூரிலிருந்து போளூருக்கு இறங்கவே ஏறக்குறைய 40 கிலோமீட்டர். அதற்கு அப்பால்தான் மாவட்டத் தலைநகரம். பேருந்துக் கூலியும் ஒரு நாள் கூலியும் சேர்ந்தால் மனக்கஷ்டம் இரட்டிப்பாகிறது. வாரம் ஒரு நாள், சந்தை கூடும் நாளில், மனநல ஆலோசகர் ஒருவர் மலைமேல் உட்கார வேண்டும். மாதம் ஒரு முறை மனநல மருத்துவர் வர வேண்டும். ஆலோசகர் பெண்ணாக இருந்தால் எங்கள் பெண்கள் வாய் திறப்பார்கள். தனியாக மனநோய்ப் பிரிவு என்று பலகை மாட்ட வேண்டாம், பார்த்தவர்கள் கதை கட்டுவார்கள். பொது வெளிநோயாளிப் பிரிவிலேயே ஒரு கதவுள்ள அறை போதும்.

14416 என்ற எண்ணில் எந்த நேரமும் மனம்விட்டுப் பேசலாம் என்கிறது அரசு. நல்ல சேவை. பேச சிக்னல் வேண்டும். கைப்பேசியை எடுத்துக்கொண்டு பாறைமேல் ஏறி நின்று, ஊர் கேட்க, சாகத் தோன்றுகிறது என்று யாரால் சொல்ல முடியும்? சிக்னல் இல்லாத குக்கிராமங்களின் பட்டியலை நாங்கள் தருகிறோம். கோபுரங்கள் எப்போது வரும் என்பதை நீங்கள் சொல்லுங்கள்.

மது பற்றிப் பெண்கள் தனியாக எழுதித் தந்த கோரிக்கையை அப்படியே சேர்க்கிறோம். கள்ளச்சாராய ஊறலைப் போலீஸ் வந்து கொட்டிவிட்டுப் போகிறது, குடித்துப் பழகிய உடம்பு அப்படியே இருக்கிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் மாண்டார்கள். அடுத்த செய்தி இங்கிருந்து போக வேண்டாம். நிறுத்த நினைப்பவனுக்கு முதல் சில நாள்கள்தான் கண்டம்: கை நடுங்கும், தூக்கம் வராது, சிலருக்கு வலிப்பே வரும். அந்த நாள்களில் படுக்க மலையிலேயே ஓர் இடம் வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரண்டு படுக்கை ஒதுக்கினால் தொடங்கிவிடலாம்.

இன்னொரு பாரம் ஆந்திரச் சிறைகளிலும் கோர்ட்டுகளிலும் கிடக்கிறது. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்ததாகச் சொல்லி 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டபோது, செத்தவர்களில் எங்கள் மலைக்காரர்கள் இருந்தார்கள். செம்மரம் வெட்ட ஆள் சேர்க்கும் தரகர் இன்றும் முன்பணத்தோடு வருகிறார். போனவர் எங்கே, உயிரோடு இருக்கிறாரா, எந்தச் சிறை என்று தெரியாமல் தூக்கம் கெட்டுக் கிடக்கும் மனைவியிடம் மூச்சுப் பயிற்சி செய்யச் சொல்ல முடியாது. 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பழங்குடியினருக்கு வருமானம் பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. ஜமுனாமரத்தூர் தாலுகா அலுவலகத்தில் வாரம் ஒரு நாள் வழக்கறிஞர் உட்கார்ந்து, ஆந்திர ஆணைக்குழுவோடு பேசி, ஒவ்வொருவரின் வழக்கு நிலையையும் குடும்பத்துக்கு எழுதித் தர வேண்டும். விசாரணைக் கைதியின் வீட்டில் ஒவ்வொரு மாதமும் கடன் வளர்கிறது.

தூக்கத்தையும் கேட்கிறோம். ஏழெட்டு மணி நேரம் தூங்கச் சொல்கிறார் மருத்துவர். சாமை கதிர் பிடித்தால் விடியும் வரை பரண்மேல் உட்கார்ந்து தகரம் தட்டுவதுதான் எங்கள் இரவு. இல்லாவிட்டால் பன்றி ஒரே இரவில் கொல்லையைப் புரட்டிவிடும். 2025 தொடக்கத்தில் வந்த ஆணைப்படி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றியை வனத்துறை சுடலாம். 1 கிலோமீட்டருக்குள் கூடாது. எங்கள் கொல்லைகளில் பெரும்பாலானவை அந்த 1 கிலோமீட்டருக்குள் இருப்பவை, ஆகவே அந்த ஆணையால் எங்களுக்குப் பலன் இல்லை. சுடச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. சேர்ந்தாற்போலிருக்கும் கொல்லைகளைச் சுற்றிச் சூரிய மின்வேலி போட முழு மானியம் கொடுங்கள். விதைப்புக்கு முன் வேலி நிற்க வேண்டும்.

பிள்ளைகள் விளையாட ஒரு சமதரை. 12,525 ஊராட்சிகளுக்கும் விளையாட்டுச் சாமான்கள் கொடுக்கும் திட்டத்தை 2024 பிப்ரவரியில் மதுரையில் தொடங்கினார்கள். மலைச் சரிவில் பந்து உருண்டால் பள்ளத்தாக்கில்தான் போய் நிற்கும். ஊராட்சிக்கு ஓர் இடத்தைச் சமப்படுத்தித் தாருங்கள், பள்ளியில் ஓர் உடற்கல்வி ஆசிரியரைப் போடுங்கள். மாலையில் பெண் பிள்ளைகளுக்கென்று ஒரு மணி நேரத்தை ஊரே ஒதுக்கும். அது எங்கள் பொறுப்பு.

சமையல் கேஸ் சிலிண்டரை மாதம் ஒரு முறை ஊர் வரை கொண்டுவர வேண்டும். சாலை முனையில் இறக்கிவிட்டால் மறுபடி விறகுப் புகைதான்.

இந்தச் சாசனத்தைத் திங்கட்கிழமை குறைதீர்வு நாளில் மூன்று ஆட்சியர் அலுவலகங்களிலும் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குகிறோம். பதில் 30 நாளில் வர வேண்டும். 'பரிசீலனையில் உள்ளது' என்ற சொல் வேண்டாம். ஒவ்வொரு கோரிக்கைக்கும் எதிரே மூன்று கட்டம் போடுங்கள்: செய்யும் அலுவலரின் பதவி, ஒதுக்கிய தொகை, முடிக்கும் தேதி. அந்தத் தாளை ஊர்க்கவுண்டர்களும் பெண்கள் குழுக்களும் கிராம சபையில் உரக்கப் படிப்பார்கள். எந்தக் கட்டமாவது வெறுமையாக இருந்தால் அதில் சிவப்பு மையால் வட்டம் போட்டு, அடுத்த திங்கட்கிழமையே அதே அலுவலகத்தில் திருப்பிக் கொடுப்போம்.

ஜவ்வாது மலை மக்கள்